ரிப்போர்ட்டில் "ஜிஎம்1 ஆன்டிபாடி பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. இது சர்க்கரையா, கொழுப்பா, நரம்பா?

பள்ளிபாளையத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சானுக்காகக் கேட்கிறேன். அக்கா வீட்டுக்காரர், வயது 38, விசைத்தறி ஓட்டுகிறார். போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில் கோழி சாப்பிட்டு வந்தார். இரண்டு மூன்று நாளில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அது தானாகவே நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து, காலில் செருப்பு நிற்கமாட்டேன் என்கிறது என்றார். மறுநாள் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் வரவில்லை. அதற்கடுத்த நாள் எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் ஜிபிஎஸ், அதாவது கில்லன் பாரே என்று சொல்லி ஐவிஐஜி என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். இன்று மூன்றாவது நாள். நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனை வெளியூருக்கு அனுப்பினார்கள், நல்ல விலை. அதில் "ஜிஎம்1 ஐஜிஜி: ஸ்ட்ராங் பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. டூட்டி டாக்டரிடம் கேட்டதற்கு, "நரம்பு மேல சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கு, அதை உடம்பே தாக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், எங்கள் பெரியப்பா அன்றைக்கே சோற்றையும் எண்ணெயையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சித்தி பையன் ஒருத்தன் கூகுளில் தேடி, "ஜிஎம் என்று ஆரம்பித்தால் அது பரம்பரை நோய், குழந்தைகளுக்கு வரும், மருந்தே இல்லை" என்று அக்காவிடம் சொல்லித் தொலைத்தான். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் நேற்று முழுக்க அழுகை.

இதில் எது உண்மை? அந்த ஜிஎம்1 என்பதுதான் என்ன?

மின்முனை அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். மச்சானை நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எதுவரை வருகிறார் என்று நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 35 வரை எண்ணியவர் சாயங்காலம் 20-ல் நின்றால், யார் எந்த வேலையில் இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலும், பேச்சு மூக்கால் வந்தாலும் அதேதான். ஜிபிஎஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்காவது வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. கை கால் பலவீனம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மூச்சு குறைவது சத்தமில்லாமல் நடக்கும். இன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது அதுதான்.

இனி உங்கள் கேள்வி. நான் டாக்டர் இல்லை. நரம்பு மின்கடத்தல் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். மச்சானுக்குக் கையிலும் காலிலும் சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்துப் பார்த்திருப்பார்களே, அந்த வேலை. அதற்கு முன்னால் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். அதனால் இந்த ஜிஎம்1-ஐ இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

சோற்றுக்கும் எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரியப்பாவை அன்போடு வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். படுக்கையில் கிடக்கும் ஆளுக்குத் தசை கரைந்துகொண்டிருக்கும் நேரம் இது. விழுங்க முடிகிறவரை சோறு, பருப்பு, முட்டை எல்லாம் கொடுக்கலாம்.

டாக்டர் சொன்ன "சர்க்கரையும் கொழுப்பும்" ரத்தச் சர்க்கரையும் இல்லை, கொலஸ்ட்ராலும் இல்லை. கிளைக்கோலிப்பிடு என்று ஒரு குடும்பம் உண்டு. செல்லின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது. அதில் சில கொழுப்பு மூலக்கூறுகளின் தலையில் சிறு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். வயலில் ஊன்றிய நாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் சேற்றுக்குள், நுனி தண்ணீருக்கு மேலே. கொழுப்பு வால்கள் சவ்வுக்குள் புதைந்திருக்க, சர்க்கரைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருகிற எதுவும் முதலில் தொடுவது அந்தத் தலையைத்தான்.

இந்தக் குடும்பத்தில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை உள்ளவற்றுக்குக் கேங்கிலியோசைடு என்று பெயர். மூளையிலும் நரம்பிலும் ஏராளம். எம்.எஸ்சி.யில் எங்களுக்கு இதைப் பிரித்தெடுக்க ஒரு செய்முறை இருந்தது. விடியற்காலையில் கறிக்கடையில் நின்று ஆட்டு மூளை வாங்கி, ஐஸில் வைத்து எடுத்துப் போவோம். குளோரோஃபார்மும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று கலந்து, அதில் மூளையை அரைத்து வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிரிபுனலில் விட்டால் இரண்டு அடுக்காக நிற்கும். மற்றக் கொழுப்பெல்லாம் அடியில் குளோரோஃபார்மோடு தங்கிவிடும். கேங்கிலியோசைடு மட்டும் மேலே, தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும். கொழுப்பு தண்ணீரைத் தேடி வருகிறதென்றால் அந்தச் சர்க்கரைத் தலைக்கு எவ்வளவு இழுப்பு இருக்க வேண்டும்! அதை சிலிக்கா பூசிய தகட்டில் புள்ளியாக வைத்து ஓடவிட்டு, ரிசார்சினால் தெளித்து, இன்னொரு கண்ணாடியால் மூடிச் சூடாக்குவோம். சியாலிக் அமிலம் இருக்கிற இடங்களில் மட்டும் ஊதா நிறம் மெல்ல மெல்ல எழும்பும். அதில் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு மேலே போய் நிற்பது ஜிஎம்1. சியாலிக் அமிலம் இரண்டு மூன்று உள்ளவை அதற்குக் கீழே. (அன்றைக்கு முழுக்க கையில் வரும் வாசனையைப் பற்றி எழுதவில்லை.)

பெயரையும் சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட்டைப் படிக்க உதவும். ஜி என்றால் கேங்கிலியோசைடு. எம் என்றால் சியாலிக் அமிலம் ஒன்று, டி என்றால் இரண்டு. கடைசி எண், ஸ்வீடனின் லார்ஸ் ஸ்வென்னர்ஹோம் வைத்த முறை. ஐந்திலிருந்து மற்ற சர்க்கரைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். ஜிஎம்1-ல் மற்றவை நான்கு, ஆகவே 1. ஒன்று உதிர்ந்து மூன்றானால் ஜிஎம்2.

சரி, இதை உடம்பு ஏன் தாக்குகிறது? விருந்தில் மச்சான் சாப்பிட்ட அந்தக் கோழிதான் பெரும்பாலும் காரணம், இன்னும் சொன்னால் அரைவேக்காடு. கோழியின் குடலில் கேம்பைலோபேக்டர் ஜெஜுனை என்ற பாக்டீரியா சும்மா இருக்கும், கோழிக்கு ஒன்றும் செய்யாது. நமக்கு வயிற்றுப்போக்கு தரும். அதன் மேற்பரப்பிலும் சர்க்கரை ஒட்டிய கொழுப்புதான். அதில் சில ரகங்கள் அந்தச் சர்க்கரையின் நுனியை நம் ஜிஎம்1-ன் நுனி மாதிரியே கட்டிக்கொள்கின்றன. ஜப்பானின் நொபுஹிரோ யூகி குழு 1993-ல் ஒரு ஜிபிஎஸ் நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவில் இதைப் பார்த்தது. 2004-ல் அதே சர்க்கரைக் கொழுப்பை முயல்களுக்குச் செலுத்தியபோது முயல்களுக்கு ஜிஎம்1 ஆன்டிபாடி வந்து, கால்கள் தளர்ந்தன.

ஆக, மச்சானின் உடம்பு பாக்டீரியாவைப் பிடிக்கத்தான் ஆன்டிபாடி தயாரித்தது. பாக்டீரியா போன பிறகு அந்த ஆன்டிபாடி நரம்பில் இருக்கும் ஜிஎம்1-ல் போய் ஒட்டியது. தசைக்குப் போகும் நரம்பில், இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை விட்டு விட்டு வரும் இடைவெளிகளில், ரான்வியர் கணு என்பார்கள், அங்கே ஜிஎம்1 அதிகம். மின்சைகை தாவிப் போவதே அந்தக் கணுக்களில்தான். அங்கே சோடியம் வாயில்கள் கலைந்துபோனால் சைகை நின்றுவிடும்.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்றால் இல்லை. கேம்பைலோபேக்டர் வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த விருந்தில் சாப்பிட்ட மற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

சித்தி பையன் சொன்னதற்குத் தனியாக வருகிறேன், இப்போது டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: இது பரம்பரை நோய் இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது.

நுண்ணுயிர் வாத்தியார் எழுதியது:

அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஜிஎம்1 என்றதும் எனக்குக் காலரா ஞாபகம் வராமல் இருக்காது, அதனால் ஒரு சேர்க்கை.

காலரா கிருமி குடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. அது விடும் நச்சுதான் எல்லாம் செய்கிறது. இதை நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குள் காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை நீக்கிய வடிநீரை மட்டும் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து வீங்கியது. 1959-ல் நேச்சர் இதழில் வந்தது. ஜெர்மனியின் ராபர்ட் காக் 1884-ல் கொல்கத்தாவில் காலரா கிருமியை ஆராய்ந்ததிலிருந்து 75 வருடம் கழித்து, அதே ஊரில். நம் பாடப்புத்தகங்களில் காக் இருக்கிறார், டேயைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இது தீராத வருத்தம்.

அந்த நச்சு எதைப் பிடித்து உள்ளே போகிறது என்பது 1970களின் தொடக்கத்தில் தெரிந்தது. குடல் செல்லின் ஜிஎம்1! நச்சில் ஐந்து பி துண்டுகள் வளையமாக இருக்கும், ஐந்தும் ஐந்து ஜிஎம்1 தலைகளைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஏ துண்டு செல்லுக்குள் போய் ஒரு ஸ்விட்சை அணைக்க முடியாதபடி போட்டுவிடும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் ஏறிக்கொண்டே போக, குளோரைடும் அதன் பின்னால் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். டெட்டனஸ் நச்சும் நரம்பில் கேங்கிலியோசைடைத்தான் பிடிக்கிறது, ஆனால் ஜிஎம்1 இல்லை, சியாலிக் அமிலம் கூடுதலாக உள்ள வேறு ரகம்.

பள்ளிபாளையத்தான் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றிங்க. காலையில் 31, இப்போது 29 எண்ணினார். நர்ஸிடமும் சொல்லிவிட்டேன், அவர்களே இனி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பதாகச் சொன்னார்கள். அக்காவிடம் நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், இன்றைக்குச் சாப்பிட்டாள்.

கரண்ட் வைத்த ரிப்போர்ட்டையும் வாங்கிவிட்டேன். மீடியன் என்ற வரியில் ஆம்ப்ளிட்யூட் 0.9, வெலாசிட்டி 53 என்று இருக்கிறது. கீழே சென்சரி என்று இருப்பதெல்லாம் நார்மல். கடைசியில் "ஏமேன்" என்று எழுதியிருக்கிறார்கள். புனேயில் பரவியது இதுதானா?

இன்னொன்று. பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர், "ஜிஎம்1 ஊசியே கடையில் கிடைக்கும், குறைவதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போடச் சொல்லலாமா?

மின்முனை அக்கா எழுதியது:

வேண்டாம். அந்த ஊசியை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அவர் வாயில் வந்ததைச் சொல்லவில்லை, அப்படி ஒரு மருந்து உண்டு. மாட்டு மூளையிலிருந்து பிரித்த கேங்கிலியோசைடுகளை இத்தாலி முதலான ஐரோப்பிய நாடுகளில் ஒரு காலத்தில் நரம்புக் கோளாறுகளுக்குத் தாராளமாகப் போட்டார்கள். நரம்பில் இருக்கிற பொருள்தானே, கொடுத்தால் நல்லது என்ற எண்ணம். போட்டுக்கொண்ட சிலருக்கு ஜிபிஎஸ் வந்தது, ரத்தத்தில் கேங்கிலியோசைடு ஆன்டிபாடியும் இருந்தது. 1989-ல் ஜெர்மனி அதை நிறுத்தியது. தண்டுவட அடிபட்டவர்களுக்கு ஜிஎம்1 மட்டும் கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. 1991-ல் வந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது, 700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2001-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் நிற்கவில்லை. மச்சான் விஷயத்தில் இன்னும் எளிது. அவருக்கு ஜிஎம்1 குறையவில்லை. ஜிஎம்1-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் ஜிஎம்1 ஊற்றுவதில் என்ன அர்த்தம்?

ஸ்டீராய்டும் ஜிபிஎஸ்ஸுக்கு உதவாது, யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். பலன் நிரூபிக்கப்பட்டவை இரண்டுதான்: ஐவிஐஜி, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, அல்லது பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது. ஐவிஐஜி வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 140 கிராம். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால்தான் அந்த விலை. காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டீர்களா? கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

இப்போது என் பிழைப்புக்கு வருகிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் கதை சொல்கின்றன. மணிக்கட்டில் கரண்ட் கொடுத்துக் கட்டைவிரல் மேட்டில் தசை எவ்வளவு துடிக்கிறது என்று எடுப்பது ஆம்ப்ளிட்யூட். மீடியன் நரம்புக்கு 4 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், மச்சானுக்கு 0.9. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு சைகை ஓடும் வேகம் வெலாசிட்டி. நொடிக்கு 50 மீட்டர் இருந்தால் சரி, அவருக்கு 53. அதாவது ஓடுகிற இழைகள் ஒழுங்கான வேகத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் பதில் சொல்லும் இழைகள் குறைந்துவிட்டன. மயலின் உறை அடிபட்டிருந்தால் வேகம் விழுந்திருக்கும். உணர்வு நரம்பு நார்மல். மூன்றையும் சேர்த்தால் ஏமேன், இயக்க நரம்பின் ஆக்சானை, அதாவது மின்சைகை ஓடும் இழையையே, தாக்கும் வகை. ஜிஎம்1 ஆன்டிபாடி அதிகம் தென்படுவதும் இந்த வகையில்தான்.

(வேகம் பற்றிச் சொன்னதால் ஒன்று. ஏசி அறையில் கை ஜில்லென்று இருந்தால் நல்ல நரம்பிலேயே வேகம் குறைவாகக் காட்டும். நான் வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றி, தோல் 32 டிகிரிக்கு மேல் வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன். அடுத்த தடவை எடுக்கும்போது மச்சான் கை குளிர்ந்திருந்தால் கேட்டு வாங்குங்கள், தப்பில்லை.)

இந்த ஏமேன் வகை முதலில் பேசப்பட்டது சீனாவில். வடக்கே ஹெபெய் கிராமங்களிலிருந்து கோடைதோறும் கால் விழுந்த குழந்தைகள் பெய்ஜிங் மருத்துவமனைக்கு வந்தார்கள். அமெரிக்க, சீன மருத்துவர்கள் சேர்ந்து பார்த்து 1991-ல் எழுதினார்கள். புனேயில் 2025 ஜனவரியில் சிங்காட் சாலைப் பகுதியைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஜிபிஎஸ் சந்தேகம் வந்ததே, அங்கேயும் சில நோயாளிகளின் மலத்தில் கேம்பைலோபேக்டர் கிடைத்தது. குடிநீர் மேல்தான் சந்தேகம் போனது. ஆக, உங்கள் கேள்விக்கு ஆம், அதே குடும்பம்தான்.

என் அபிப்பிராயம் ஒன்று. அந்த விலையுயர்ந்த ஆன்டிபாடி பரிசோதனையால் சிகிச்சை ஒரு சொட்டும் மாறவில்லை. பாசிட்டிவ் வந்தாலும் நெகட்டிவ் வந்தாலும் ஐவிஐஜிதான். கண் அசைவு நின்று, நடை தள்ளாடும் மில்லர் ஃபிஷர் வகையில் ஜிகியூ1பி என்ற ஆன்டிபாடியைப் பார்ப்பது நோயை உறுதிசெய்ய உண்மையாகவே உதவும். மற்றபடி, காசு தட்டுப்பாடான வீட்டில் இதைத்தான் முதலில் தள்ளிவைக்கலாம் என்பேன். மருத்துவர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி சித்தி பையன். அவன் படித்தது ஜிஎம்2 கேங்கிலியோசைடோசிஸ், டே-சாக்ஸ் நோய். 1881-ல் லண்டனில் வாரன் டே ஒரு குழந்தையின் விழித்திரையில் செர்ரிச் சிவப்பாக ஒரு புள்ளியைப் பார்த்து எழுதினார். இங்கே ஆன்டிபாடி என்ற பேச்சே கிடையாது. செல் தன் பழைய கேங்கிலியோசைடுகளை லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் கொண்டுபோய், நுனியிலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாக வெட்டி எடுக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நொதி. ஜிஎம்2-ஐ வெட்டும் ஹெக்ஸோஸாமினிடேஸ் ஏ பிறவியிலேயே இல்லையென்றால் அது நரம்பு செல்லில் தேங்கிக்கொண்டே போகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். மச்சானுக்கு வந்ததும் இதுவும் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். பையனிடம் போனைக் கொஞ்ச நாள் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மண்ணீரல் அம்மா எழுதியது:

தேடும்போது இந்தத் திரி கண்ணில் பட்டது. என் மகளுக்கு காச்சர் நோய். மின்முனை அக்கா சொன்ன அந்த வெட்டு வரிசையில் கடைசிக்குப் பக்கத்து வெட்டு. குளுக்கோஸ் ஒன்று மட்டும் ஒட்டிய கொழுப்பை வெட்டும் நொதி இல்லை. மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது, பிளேட்லெட் விழுந்துகொண்டே போனது, ரத்தப் புற்றுநோயோ என்று எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதி ஏற்றுகிறோம். மண்ணீரல் சுருங்கிவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள், தோழிகளோடு நொண்டி விளையாடுகிறாள். ஆனால் மருந்தளவு எடைக்கு ஏற்ப. பிள்ளை வளர வளர செலவும் வளர்கிறது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு. சிகிச்சைக்கு எல்லை இல்லை, உதவிக்கு எல்லை இருக்கிறது. குழந்தைக்கு எடை கூடினால் சந்தோஷப்படுவதா என்று யோசிக்கிற தாய் நான்.

தம்பி, உங்கள் மச்சானுடையது ஒருமுறை வந்து போகிற விஷயம். தைரியமாக இருங்கள்.

மின்முனை அக்கா எழுதியது:

அம்மா, பாப்பா நன்றாக இருக்கட்டும். அந்த நொதி மருந்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் என்ஐஎச் என்ற அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடி 1960களின் நடுவில் எந்த நொதி குறைகிறது என்று கண்டுபிடித்தார். மருந்தாக அனுமதி கிடைத்தது 1991-ல். முதலில் பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியிலிருந்துதான் எடுத்தார்கள், ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கே ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. சும்மா ஏற்றினால் அது போக வேண்டிய செல்லுக்குப் போகவில்லை. நொதியின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனிகளை வெட்டி மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்த பிறகுதான் மேக்ரோஃபேஜ் என்ற செல் அதை விழுங்கியது. சர்க்கரை தேங்கிய நோய்க்கு மருந்து வழி காட்டியதும் ஒரு சர்க்கரைதான். இப்போது செல் வளர்ப்பில் செய்கிறார்கள், நஞ்சுக்கொடி வேண்டியதில்லை. விலை மட்டும் இறங்கவில்லை.

சும்மா கேட்கிறேன் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். காலரா நச்சுக்குக் கைப்பிடி, டெட்டனஸுக்குக் கைப்பிடி, ஜிபிஎஸ்ஸுக்கு இலக்கு, வெட்டாமல் விட்டால் மூளையில் தேக்கம். இவ்வளவு தொல்லை தரும் ஒரு பொருளை உடம்பு ஏன் வைத்திருக்கிறது?

மின்முனை அக்கா எழுதியது:

நல்ல கேள்வி. அது இல்லாமல் என்ன ஆகும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பில் முதல் குளுக்கோஸை ஒட்டும் நொதியையே எடுத்துவிட்டால் எலிக்குட்டி பிறப்பதே இல்லை, கரு ஒரு வாரம் தாண்டியதும் இறந்துவிடுகிறது. அந்த முதல் குளுக்கோஸ், செல்லுக்குள் இருக்கும் கோல்கி என்ற சவ்வு அடுக்கின் வெளிப்பக்கம் ஒட்டுகிறது, மற்றச் சர்க்கரைகளெல்லாம் கோல்கிக்கு உள்ளே ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முதல் படி போனால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும்.

கொஞ்சம் தள்ளி, ஜிஎம்1 உள்ளிட்ட பெரிய கேங்கிலியோசைடுகளை மட்டும் நிறுத்தினால் எலி பிறக்கிறது, பார்க்க நன்றாகவே இருக்கிறது. வயதாக வயதாக ஆக்சான்கள் சிதைந்து நடை தடுமாறுகிறது. மயலின் உறையில் இருக்கும் ஒரு புரதம் ஆக்சானின் கேங்கிலியோசைடைத் தொட்டுப் பிடித்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்தப் பிடி இல்லாமல் உறையும் இழையும் ஒன்றையொன்று காப்பாற்ற முடியவில்லை. மனிதர்களிலும் உண்டு. ஜிஎம்3 உண்டாக்கும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே கடுமையான வலிப்பு வருகிறது. அமெரிக்காவின் ஆமிஷ் குடும்பங்களில் 2004-ல் இதைக் கண்டார்கள். நரம்புக்கு வெளியேயும் வேலை இருக்கிறது, இன்சுலின் ஏற்பி எவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும் என்பதில் ஜிஎம்3 தலையிடுகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜிடி2. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா புற்றுசெல்களின் மேல் அது அடர்த்தியாக இருக்கும். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று, டைனுடுக்ஸிமாப், 2015-ல் அமெரிக்காவில் மருந்தாக வந்தது. வேலை செய்கிறது. ஆனால் வலி நரம்புகளின் மேலும் ஜிடி2 உண்டு. அதனால் மருந்து ஏறும்போது குழந்தைக்குத் தாங்க முடியாத வலி வருகிறது, மார்ஃபின் போட்டுக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். பள்ளிபாளையத்துத் தம்பியின் மச்சானுக்குத் தற்செயலாக நடந்ததை இங்கே தெரிந்தே, அளவோடு செய்கிறார்கள். கேங்கிலியோசைடுக்கு எதிரான ஆன்டிபாடிதான் இரண்டு இடத்திலும்.

பள்ளிபாளையத்தான் எழுதியது:

அக்கா, ஐந்து நாள் ஐவிஐஜி முடிந்தது. எண்ணிக்கை 30-க்குக் கீழே ரொம்பப் போகவில்லை, இன்று 34. விரலை லேசாக மடக்குகிறார். பாதம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தறிக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்வது?

மின்முனை அக்கா எழுதியது:

34 நல்ல செய்தி. ஆனாலும் வார்டை விட்டு அவசரப்பட்டு வராதீர்கள், பலவீனம் நான்கு வாரம் வரைகூட ஏறலாம், பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

தறிக்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஏமேனில் இரண்டு விதமாக நடக்கிறது. கணுவில் சைகை மட்டும் தடைப்பட்டிருந்தால் சில வாரங்களிலேயே மளமளவென்று திரும்பிவிடுவார்கள். ஆக்சானே அறுந்திருந்தால் அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர வேண்டும், மாதங்கள் ஆகும். முதல் பரிசோதனையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதே 0.9. சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தால் பிரித்துச் சொல்லலாம். ஆம்ப்ளிட்யூட் சட்டென்று 3, 4 என்று ஏறியிருந்தால் முதல் வகை. விரல் இப்போதே மடங்குகிறது என்றால் எனக்கு அந்தப் பக்கம்தான் நம்பிக்கை, ஆனால் மச்சானிடம் இதை வாக்காகச் சொல்லிவிடாதீர்கள்.

பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று பார்த்து அதே இடத்தில் எடுக்க வேண்டும். பாதம் தொங்குவதற்கு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு ஸ்பிளின்ட் வாங்கி மாட்டுங்கள், இல்லாவிட்டால் நரம்பு திரும்பி வரும்போது குதிகால் நரம்பு இறுகிக் கிடக்கும். அதாவது தசைநார், நீங்கள் குதிகால் நரம்பு என்று சொல்வது. தினமும் இரண்டு வேளை கழற்றி, கணுக்கால் எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.